டியூப் லைட் நேராகத் தெரிய வேண்டும்

பெயின்ட் வேலையை மதிப்பிடத் தெரிந்தவர்கள் காரைப் பார்ப்பதில்லை. காரின்மேல் விழுந்திருக்கும் ஷெட்டு டியூப் லைட்டைத்தான் பார்ப்பார்கள். பானெட்டின் ஓரமாகக் குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மேலே எரியும் விளக்கு கீழே எப்படித் தெரிகிறது என்று நிதானமாக நோட்டம் விடுவார்கள். நல்ல வேலை என்றால் அது ஸ்கேல் வைத்து இழுத்த கோடாக இருக்கும். மலிவு வேலையில் அதே டியூப் லைட்டுக்கு இரண்டு பக்கமும் முடி முளைத்துக் கம்பளிப்பூச்சியாக நெளியும்.

நண்பர் ஒருவரின் மார்க் 4 அம்பாசடரில் கம்பளிப்பூச்சிகள் ஏராளம். வண்டி கறுப்பு. தெருவோர ஷெட் ஒன்றில் பேரம் பேசி அடித்து வாங்கியது. பத்தடி தள்ளி நின்றால் மாப்பிள்ளை அழைப்புக்கே அனுப்பலாம். கிட்டே போனால்தான் சங்கதி தெரியும். வண்டி முழுக்க ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத்தோல் போலப் பொடிப்பொடியான மேடுபள்ளம். டிரைவர் பக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு வடிசல். பானெட்டில் தூசி உட்கார்ந்து காய்ந்த பருக்கள். முன்கண்ணாடி பீடிங்கின்மேலும் பெயின்ட். கறுப்பு ரப்பரில் கறுப்பு பெயின்ட் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். ரப்பர் பளபளத்தால் அதைப் போல அசிங்கம் வேறில்லை.

மொத்தத்தையும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துவிடலாமா என்று நண்பர் யோசித்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய பெயின்டர் ஒருவர் வந்து பார்த்தார். டிக்கி மூடிக்கு உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மூலையில், தின்னர் நனைத்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார். துணியில் கறுப்பு ஏறவில்லை. அப்படியென்றால் ஹார்ட்னர் கலந்த பியூ (பாலியூரிதேன்) பெயின்ட். நன்றாக இறுகியும் இருக்கிறது. பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டாக இருந்தால் தின்னர் பட்டதும் கரைந்து துணியோடு வந்திருக்கும். "இதுக்குள்ளயே நல்ல பெயின்ட் இருக்கு தம்பி. மேல இருக்கறத எடுத்தாப் போதும்" என்றார்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். காரை அழகாக்க அதன்மேல் எதையாவது பூச வேண்டும் என்றுதான் நமக்கெல்லாம் எண்ணம். அவரோ பூசியதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் போதும் என்கிறார். எடுக்க வேண்டியது எவ்வளவு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இந்த மாதிரிக் காரில் கறுப்புப் பூச்சு மொத்தமே அந்த முடியளவு இருந்தால் பெரிது. அதில் சில மைக்ரான் உயரமுள்ள மேடுகள்தான் டியூப் லைட்டைக் கம்பளிப்பூச்சி ஆக்குகின்றன. அந்தச் சில மைக்ரானைச் சீவி எடுத்துவிட்டு, மீதியைக் காப்பாற்ற வேண்டும். இதற்கு அவர் கையில் இருப்பது ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் காகிதமும்.

ஆரஞ்சுத் தோல் வருவதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை. ஸ்ப்ரே கன்னிலிருந்து பெயின்ட் புகையாக வருவதுபோலத் தோன்றினாலும் அது கோடிக்கணக்கான துளிகள். ஒவ்வொரு துளியும் தகட்டில் விழுந்த பிறகு பக்கத்துத் துளியோடு கலந்து பரவி மட்டமாக வேண்டும். அதற்குள் தின்னர் பறந்துவிட்டால் துளி விழுந்த மேனிக்கே நின்றுவிடும். பெயின்ட் கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் குறைந்தாலும், கன்னைத் தள்ளிப் பிடித்தாலும் இதுதான் கதி. தகரக் கூரை போட்ட ஷெட்டில் சித்திரை மாதத்து மதியத்தில், வேகமாக ஆவியாகும் மலிவான தின்னரை வைத்துக்கொண்டு அடிப்பவரிடமிருந்து வேறு எதை எதிர்பார்ப்பது? அவசரத்துக்குச் சரியான விலை அது. ஆரஞ்சுத் தோல் கொஞ்சம்கூட இல்லாத கார் கம்பெனியிலிருந்து வருவதும் அபூர்வம். ஷோரூமில் நிற்கும் புது வண்டியின் கதவில் டியூப் லைட்டைப் பாருங்கள். ஓரம் லேசாக நடுங்கத்தான் செய்யும்.

வேலை தொடங்கியது ஒரு காலை நேரத்தில், நிழலில். வாட்டர் பேப்பரை முதலிலேயே வாளியில் ஊறப் போட்டிருந்தார். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு. பேப்பரின் எண் கூடக் கூட மணல் நைசாகும். அவர் எடுத்தது 1500. ரப்பர் கட்டையில் சுற்றிக்கொண்டு பானெட்டின் நீளவாக்கில் தேய்க்க ஆரம்பித்தார். கைவிரலால் நேரடியாகத் தேய்ப்பவர்கள் உண்டு. விரல்கள் நான்கும் நான்கு தனித்தனிக் கட்டைகளாக அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்களை வெட்டிவிடும். பாலிஷ் ஏறிய பிறகு அவை வெயிலில் தெரியும். கட்டையென்றால் மேட்டில் மட்டும் உட்கார்ந்து பள்ளத்தைத் தாண்டிப் போகும். இந்த வேலையின் சூட்சுமமே அந்தத் தாண்டலில்தான் இருக்கிறது.

முதல் சில இழுப்புகளில் பேப்பர் கரகரக்கிறது. பருக்களின் தலை சீவப்படும் சத்தம். தண்ணீர் கறுத்து இறங்குகிறது. கிளியர் கோட் இல்லாத வண்டி என்பதால் கரைவது கறுப்பாகவே வருகிறது. கிளியர் இருந்திருந்தால் அடியில் எந்த நிறம் இருந்தாலும் பால் போல வெள்ளையாக வந்திருக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கண்ணாடி துடைக்கும் ரப்பரால் தண்ணீரை ஒரே வழியாக வழித்தெடுப்பார். பார்க்க வேண்டியது அந்த ஒரு நொடியில் தெரிவதைத்தான். பேப்பர் பட்ட இடமெல்லாம் சிலேட்டு நிறத்தில் மங்கியிருக்கும். அந்த மங்கலுக்கு நடுவே, பேப்பர் எட்டாத பள்ளங்கள் மட்டும் பழைய பளபளப்போடு ஊசிமுனைப் புள்ளிகளாக மின்னும், ஆயிரக்கணக்கில். மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு, மறுபடி வழிப்பு. புள்ளிகள் பாதியாகின்றன. அடுத்த முறை அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. பளபளப்பைக் கொண்டுவரும் வேலையில், நடுவழியில் பளபளப்பான இடம்தான் குற்றவாளி. அது ஒழியும்வரை தேய்க்க வேண்டும். பானெட் முழுவதும் ஒரே சீரான மங்கலுக்கு வந்தபோது வண்டி அடித்ததைவிட மோசமாக இருந்தது. நண்பர் முகம் வாடிவிட்டது. பெயின்டரோ அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்.

கரகரப்பும் மெல்ல மாறுகிறது. மேடுகள் அடங்க அடங்கச் சத்தம் குறைந்து, பேப்பர் தண்ணீரின்மேல் வழுக்கத் தொடங்கும். கை தேர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தமே கணக்கு. 1500 முடிந்து 2000 எடுக்கும்போது திசையை மாற்றினார். நீளவாக்கு போய்க் கோணல்வாக்கு. காரணம் எளிது: புதிய கோடுகள் ஒரு பக்கமாகப் போகும்போது பழைய கோடு எதுவும் மிச்சமிருந்தால் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். 3000-க்கு மறுபடி திசை மாற்றம். இடையில் ஒருமுறை பேப்பர் கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக் கழுவிப் பயன்படுத்துவார் என்று நினைத்தேன். எடுத்துக் குப்பையில் போட்டார். ஒரே ஒரு மணல் துகள் பேப்பருக்கு அடியில் சிக்கினால் போதும், அரை நாள் வேலை ஒரே இழுப்பில் போய்விடும்.

இந்த வாட்டர் பேப்பருக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1921-இல் அமெரிக்காவின் 3எம் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யோசனை ஃபிலடெல்ஃபியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவருடையது. அதுவரை உலர்வாகத் தேய்த்த பட்டறைகளில் ஈயம் கலந்த பெயின்ட் தூசி ஆட்களின் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரில் தேய்த்ததும் தூசி அடங்கியது. அந்தப் பேப்பரை செயின்ட் பால் நகரத்துப் பட்டறைகளுக்குச் சோதனைக்குக் கொண்டுபோன 3எம் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ, அங்கே இரட்டை வண்ணக் காருக்கு ஓரம் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து பிய்ந்து வருவதையும், பெயின்டர்கள் சாபமிடுவதையும் பார்த்தார். அதற்கு மருந்தாக அவர் 1925-இல் உருவாக்கியதுதான் மாஸ்கிங் டேப். பெயின்டரின் பையில் அருகருகே கிடக்கும் இரண்டு பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அதே காலத்தில்தான் டூக்கோ என்ற பெயின்டும் வந்தது. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில், நீல நிறத்தில். அதற்கு முன் வார்னிஷ் பூசிக் காயவைத்து, மறுபடி பூசிக் காயவைத்து ஒரு கார் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு கறுப்பு ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்த காலம். டூக்கோ சில மணி நேரத்தில் காய்ந்தது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்த நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் சரக்கு. அந்தக் காலத்து சினிமா ஃபிலிமும் அதே சரக்குதான். நம் ஊர்ப் பழைய பெயின்டர்கள் இன்றும் என்சி பெயின்ட் எதுவானாலும் டூக்கோ என்றுதான் சொல்வார்கள்.

டூக்கோவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. அது கன்னிலிருந்து பளபளப்பாக வராது. மங்கலாகத்தான் காயும். தேய்த்து, கம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டு ஒளியை வரவழைக்க வேண்டும். ஆகவே அந்த நாளில் தேய்ப்பு என்பது ரிப்பேர் வேலை இல்லை, பெயின்ட் வேலையின் இரண்டாவது பாதி. பிறகு பியூ வந்தது. அடித்தவுடனே ஈரமாக மின்னியது. வண்டிக்காரர் காசைக் கொடுத்துவிட்டு ஓட்டிப் போய்விட்டார். மலிவு வேலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்ட வேலை. நண்பரின் வண்டியில் பெயின்ட் மோசமில்லை, முடிக்கப்படவில்லை, அவ்வளவே.

பானெட்டைவிட அம்பாசடரின் மட்கார்டில்தான் கை நயம் தெரியும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பு அது. 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் வந்துகொண்டிருந்த வண்டியில் முகம் மாறியது, விளக்கு மாறியது. அந்தத் தோள் மட்டும் மாறவே இல்லை. ஹெட்லைட்டின் மேலிருந்து கிளம்பிக் கதவில் வந்து கரையும் அந்த வளைவில் தட்டையான இடமென்று எதுவுமில்லை. அங்கே ரப்பர் கட்டை உதவாது; மெத்தென்ற ஸ்பாஞ்சுக்கு மாறினார். அதற்கும் முன்னால், எங்கெல்லாம் தகடு மடிந்து ஓரமாகிறதோ அங்கெல்லாம் மாஸ்கிங் டேப்பை மெலிதாக ஒட்டிவிட்டார். ஈரப் பெயின்ட் கூர்மையான ஓரத்தில் தங்காது. இரு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஆகவே பூச்சு மிக மெலிந்திருப்பது ஓரத்தில், பேப்பரும் பாலிஷ் மெஷினின் பஃபும் அதிகமாகக் கடிப்பதும் ஓரத்தில். அனுபவமில்லாதவர் தேய்த்த வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பானெட்டின் விளிம்பைப் பார்த்தால் போதும். அடியிலிருக்கும் பிரைமர் சாம்பல் கோடாக எட்டிப் பார்க்கும். அதற்கு மருந்து மறுபடி கன்தான்.

கதவிலிருந்த வடிசலுக்கு அவர் பேப்பரைத் தொடவில்லை. வடிசலைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு பிளேடை லேசாக வளைத்துப் பிடித்து, தச்சர் இழைப்பதுபோல மெல்ல மெல்லச் சுரண்டினார். சுருள் சுருளாகக் கறுப்பு வந்தது. சுற்றுப்புறத்துக்கு மயிரிழை மேலே இருக்கும்போதே பிளேடை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு இன்னும் தெரிந்த இடம் விரலுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கம்பவுண்ட். மெஷினை மெதுவாக ஓடவிட்டு, கம்பளி பஃபை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போனார். நின்றால் சூடேறிப் பெயின்ட் கருகும். பஃப் போன வழியில் சிலேட்டு மங்கலுக்கு நடுவே ஒரு பட்டை கறுப்பு திறந்தது. வெறும் கறுப்பில்லை, ஆழமுள்ள கறுப்பு. அதுவரை பார்த்த கறுப்பு மேலே நின்றது. இது உள்ளே இருந்தது. பளபளப்பு வேறு, பிம்பத் தெளிவு வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. மலிவு வேலையிலும் பளபளப்புக்குக் குறைவில்லை. அதில் முகம் பார்த்தால் மூக்கு இருக்கும் இடம் தெரியாது. இப்போது ஷெட்டின் தகரக் கூரையில் எத்தனை ஆணி என்று பானெட்டைப் பார்த்தே எண்ணலாம்.

மூலை முடுக்கை மெஷினுக்கு விடவில்லை. நேம் பிளேட்டைச் சுற்றி, கதவுக் கைப்பிடிக்கு அடியில், கிரில்லின் ஓரத்தில் எல்லாம் கையால்தான் தேய்த்தார், திருப்பூர் பனியன் வேஸ்டில் கம்பவுண்டை எடுத்து. வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் தேய்த்தார். வட்டக் கீறல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் மின்னும். நேர்க்கீறல் ஒரு கோணத்தில் மட்டும்தான் மாட்டும். கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்துக் காட்டினார். மலிவான பாலிஷ்களில் இருக்கும் எண்ணெயும் சிலிக்கானும் கீறலை நிரப்பி நல்ல பேர் வாங்கிக்கொள்ளும். நாலு முறை கழுவினால் கீறல் திரும்ப வந்துவிடும். ஸ்பிரிட்டுக்குப் பிறகும் நின்றால்தான் அது உண்மையான ஒளி. நின்றது.

ஒரு விஷயம் மட்டும் நண்பருக்குக் கசந்தது. வலது பின் கதவில், மங்கலாக இருந்தவரை தெரியாத ஓர் அலை இப்போது அழகாகத் தெரிந்தது. பழைய நசுங்கலுக்குப் பட்டி வைத்து மட்டம் பார்க்காமல் விட்ட இடம். டியூப் லைட் அங்கே வந்ததும் ஒரு சுழி சுழித்துக்கொண்டு போகிறது. ஓரம் கூர்மையாக, துல்லியமாகச் சுழிக்கிறது! ஆரஞ்சுத் தோல் பெயின்டின் குற்றம், அலை பட்டியின் குற்றம். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருப்பது மாறாது, மின்னத்தான் செய்யும். அந்தக் கதவை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெயின்டர் சொல்லிவிட்டார். எனக்கென்னவோ அந்தச் சுழிப்பு பிடித்திருக்கிறது. நாற்பது வருஷத்து வண்டிக்கு ஒரு கதவாவது தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கட்டுமே.

பீடிங் ரப்பரில் படிந்த பெயின்டைத் துணியில் தின்னர் தொட்டுச் சட்டென்று ஒற்றியெடுத்தார். இறுகிய பெயின்ட் என்பதால் முழுதாக வரவில்லை, மீதியை நகத்தால் நெருடி உதிர்த்தார். நியாயமாக, அடிக்கும்போதே ரப்பர் உதட்டுக்கு அடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் நுழைத்துவிட்டால், உதடு தகட்டை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெயின்ட் அதற்கு அடியில் போய் முடியும். காய்ந்ததும் கயிற்றை உருவினால் ரப்பர் பெயின்டின்மேல் படிந்து உட்காரும். பெயின்ட் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சில முழக் கயிறும் அரை மணி நேரப் பொறுமையும்தான் செலவு. நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி அரை மணி நேரங்கள்.

ரூஃபின் இருபுறமும் மழைத்தண்ணீர் ஓடும் காடியை அவர் தொடவே இல்லை. மடிப்பும் மூலையுமான இடம். பூச்சு அங்கே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பேப்பர் நுழைந்தால் தகடு வெளியே வந்து மறு வருஷமே துருப் பிடிக்கும். உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் அந்தக் காடிக்குள் ஆரஞ்சுத் தோல் முழுசாக இருக்கிறது. அதையும் எடுத்துவிட முடியாதா என்று நண்பர் கேட்டார். "அங்க யாரு தம்பி டியூப் லைட் பாக்கப் போறா?" என்றபடி பெயின்டர் வாளியைக் கவிழ்த்தார்.